சிவப்படிக்காத பிரவுன்: மருதாணி, அவுரி, எட்டு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மகள் என் காதோரத்து முடியை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்த ஆரஞ்சு போயே போச்சு" என்றாள். கைக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, வெயிலுக்கு முகம் காட்டி நின்று பார்த்தேன். நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் கருப்பட்டி நிறம். ஒரே ஒரு சின்ன இடம் தவிர, எந்தப் பக்கம் திருப்பினாலும் செம்பு மினுமினுப்பு இல்லை. நரை சிவக்காமல் பிரவுனாக வேண்டும், எட்டு மாதமாக இதற்காகத்தான் பாடுபட்டேன். மறப்பதற்குள் எழுதிவைத்துவிடுகிறேன்.

நான் கடலூரில் திருப்பாப்புலியூர்க்காரி. வயது 48. முன்னந்தலையில் பாதிக்குப் பாதி நரை, பின்னந்தலையில் பெரும்பாலும் கருப்பு. பத்து வருடமாக மாதம் ஒரு தடவை மருதாணி வைத்து வந்தேன். மருதாணி கருப்பு முடியில் ஒன்றும் தெரியாது, நரையில் மட்டும் ஏறும். அதனால் தலை முழுக்க ஒரு நிறமாகவும், முன்பக்கம் மட்டும் கேரட் நிறமாகவும் ஆகிவிடும். வீட்டுக்குள் அது அவ்வளவாகத் தெரியாது. அக்கா மகன் நிச்சயதார்த்தத்தில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. கருப்பு டை அடிக்கவும் விருப்பமில்லை. வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும்போது கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு போட்டதுபோல் இருக்கும். பிரவுன்தான் வேண்டும், ஆனால் சிவப்படிக்கக் கூடாது.

முதலில் அக்டோபரில் ஒரு பார்லருக்குப் போனேன். 1,800 ரூபாய். டியூபில் 5 என்று எண் போட்டிருந்தது, கூடவே 6 சதவீத டெவலப்பர், அதாவது சாயத்தோடு கலக்கிற பெராக்சைடு. அன்று மாலை டியூப்லைட் வெளிச்சத்தில் அழகான பிரவுன். மூன்றாம் நாள் வெயிலில் பார்த்தால் பின்னந்தலையில் கருப்பாக இருந்த முடிகூடச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. நம் கருப்பு முடிக்குள்ளேயே சிவப்பும் ஆரஞ்சும் இருக்கின்றன. டெவலப்பர் கருப்பைக் கொஞ்சம் வெளுக்க வைத்ததும் அவை மேலே வந்துவிடுகின்றன. இதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்த வழியில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: டியூபில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். புள்ளிக்கு முன்னால் வருவது கருமையின் அளவு, எண் குறைந்தால் கருமை கூடும். பின்னால் .1 என்றால் பெரும்பாலும் சாம்பல் சாயல், நீலம் கலந்தது. சில பிராண்டுகளில் .4 செம்பு, .6 சிவப்பு; பிராண்டுக்குப் பிராண்டு மாறும். வெறும் 5-க்குப் பதிலாக 4.1 கேட்டு, டெவலப்பரையும் 3 சதவீதத்தில் வைத்திருந்தால் இவ்வளவு சிவந்திருக்காது. எனக்கோ காதுக்குப் பின்னால் நாலு நாள் அரிப்பும் இருந்தது. அதனால் அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் கேட்டதையெல்லாம் செய்து பார்த்ததில் போயிற்று. இரும்புக் கடாயில் மருதாணியை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் விழுது கன்னங்கரேல் என்று இருந்தது, ஆனால் நரை அதே ஆரஞ்சில் கொஞ்சம் மங்கினதோடு சரி. டீ டிகாஷன், காப்பி டிகாஷன் இரண்டும் பார்த்தேன். தலையணையில் மூன்று நாள் காப்பி வாசம் அடித்தது, நிறம் அசையவில்லை. மருதாணியின் அளவைக் குறைத்தும் பார்த்தேன், நேரத்தைக் குறைத்தும் பார்த்தேன். வெளிர் ஆரஞ்சு வந்தது, அவ்வளவுதான். நான் சிவப்பை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருதாணிச் சிவப்பு முடியோடு ஒட்டிக்கொள்கிற சாயம், அதை எடுக்க முடியாது. அதன்மேல் நீலத்தை ஏற்றித்தான் அடக்க முடியும். நீலம் என்றால் அவுரி, நீலச் சாயம் தருகிற செடியின் இலைப் பொடி.

பொங்கல் முடிந்ததும் தலையில் கைவைப்பதை நிறுத்திவிட்டுச் சோதனையில் இறங்கினேன். என் மாமியாருக்கு 79 வயது, தலை முழுக்க வெள்ளை. "அத்தை, சீப்புல வர்ற முடியைப் போட்டுடாதீங்க, எனக்கு வேணும்" என்றேன். ஒரு வாரம் தீப்பெட்டியில் சேர்த்து வைத்துக் கொடுத்தார். ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்து, இருபத்தைந்து முடி ஒரு கற்றையாக வெள்ளை நூலால் கட்டினேன். முதல் கற்றையின் நூலில் ஒரு முடிச்சு, இரண்டாவதில் இரண்டு முடிச்சு, இப்படியே. பெயர் எழுதின ஸ்டிக்கர் தண்ணீரில் போய்விடும், முடிச்சு போகாது. எல்லாக் கற்றைக்கும் மூன்று மணி நேரம், பாலிதீன் கவரில் சுற்றி. அப்புறம் வெறும் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் ஜன்னலோரம் தொங்கவிட்டு, வெள்ளை அட்டையில் ஒட்டி, மாடி வெயிலில் வைத்துப் பார்த்தேன். டியூப்லைட்டில் பெரும்பாலான கற்றைகள் பிரவுன்தான். சிவப்பு வெயிலில்தான் தெரியும்.

அப்போதெல்லாம் மருதாணியை வழக்கம்போல் எலுமிச்சைச் சாற்றில்தான் ஊறவைத்தேன். ஒற்றை முடிச்சு மருதாணி மட்டும், கேரட். இரட்டை முடிச்சு மருதாணி ஒரு பங்கு, அவுரி ஒரு பங்கு. நிழலில் பிரவுன், வெயிலில் செப்புக்கம்பி. மூன்றாவது ஒன்றுக்கு இரண்டு. நல்ல பிரவுன், ஆனால் நுனியில் சிவப்பு மினுங்கியது. நாலாவது ஒன்றுக்கு மூன்று. கருப்பை ஒட்டின நிறம், அது எனக்கு வேண்டாம். மூன்றாவதே பரவாயில்லை என்று முடிவு செய்து பிப்ரவரி முதல் ஞாயிறு தலையில் வைத்தேன்.

அந்த ஞாயிறு எல்லாமே தப்பாகப் போனது. 60 கிராம் மருதாணி, 120 கிராம் அவுரி, மொத்தத்தையும் ஒரே தடவையில் குழைத்துவிட்டேன். பின்னந்தலையிலிருந்து ஆரம்பித்தேன், கை பழகின வழி அது. பாதியில் கேஸ் சிலிண்டர் வந்தது, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்து அனுப்பி, கூடவே ஒரு போனும் பேசி, திரும்பி வரும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கிண்ணத்தில் பச்சையாக இருந்த விழுது மேலெல்லாம் கருநீலமாகியிருந்தது. நீலம் வந்துவிட்டது, நல்லதுதான் என்று நினைத்து அதையே முன்னந்தலையில் அப்பினேன். மூன்று மணி நேரம் கழித்து அலசினேன். அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு, விழுது வாசம் போகட்டும் என்று ஷாம்புவும் போட்டேன். பாத்ரூம் தரையில் நீலத் தண்ணீராக ஓடியது. மறுநாள் வெயிலில் பார்த்தால் பின்னந்தலையில் யாருக்கும் தெரியாத நாலு நரை அழகான பிரவுன். எல்லார் கண்ணிலும் படுகிற முன்பக்கம் துருப்பிடித்த நிறம்.

சாப்பிடும்போது இதைப் புலம்பிக்கொண்டிருந்தேன். அத்தை பிறந்தது புதுச்சேரி முதலியார்பேட்டையில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து நீலச் சாயம் ஏற்றின துணி கப்பலில் ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போயிருக்கிறது. அத்தையின் தாத்தா சாயப்பட்டறைத் தொட்டியில் வேலை பார்த்தவர். அவர் சொல்லக் கேட்டதை அத்தை சொன்னார்:

"தொட்டிலேர்ந்து எடுக்கறப்போ துணி பச்சையாத்தான் இருக்குமாம்மா. வெளியில காத்து பட்டாத்தான் நீலம் ஏறும். தொட்டியிலயே நீலமாயிட்டா அது துணிக்கு ஆகாது, அடியில வண்டலாப் போயிடும்னு தாத்தா சொல்வாரு. நீ கிண்ணத்துக்குச் சாயம் போட்டுட்டு வந்திருக்கே."

எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்ததில் இதுதான் பெரிய விஷயம். பச்சையாக இருக்கும்போதே அது முடிக்குள் போயாக வேண்டும், நீலமாவது உள்ளே போன பிறகு நடக்க வேண்டும். நான் காக்க வைத்த அந்த முக்கால் மணி நேரத்தில் நீலம் கிண்ணத்திலேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது மருதாணி மட்டும். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து சிவப்பை ஏற்றிவிட்டது. ஷாம்பு போட்டதும் அதே தப்புதான். முடிக்குள் போனது காற்று பட்டு நீலமாக நேரம் கொடுக்காமல் கழுவிவிட்டேன்.

மார்ச்சில் மறுபடி கற்றைகள். இந்தத் தடவை எலுமிச்சையைச் சந்தேகப்பட்டேன். ஐந்தாவது கற்றைக்கு மருதாணியை வெறும் வெந்நீரில் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு அவுரி. மூன்றாவதைவிடச் சிவப்பு குறைவு. ஆறாவதில் மருதாணியின் எடையில் கால் பங்கு நெல்லிப் பொடி சேர்த்தேன். அட்டையில் ஒட்டி வெயிலில் வைத்ததும் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துப் பார்த்தேன், அதுவும் கற்றையும் ஒரே நிறம். எலுமிச்சை மருதாணியைப் பளிச்சென்று ஆரஞ்சாக்குகிறது, அவுரிக்கும் அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்வதில்லை. நெல்லி அதே மருதாணியின் சூட்டைத் தணித்துவிடுகிறது.

ஏழாவது கற்றை அத்தையின் முடி இல்லை, பின்கழுத்துக்கு மேலே என் தலையிலிருந்தே வெட்டினது. பத்து வருட மருதாணி ஏறின பழைய ஆரஞ்சு நரை அதில் இருந்தது. ஆறாவது கலவையையே அதிலும் பாதிக்குப் போட்டேன், சிவப்பு இன்னும் ஆழமாகிப் போனது. மீதிப் பாதிக்கு அவுரி மட்டும், நாற்பது நிமிடம். இந்தப் பாதிதான் ஒழுங்காக வந்தது. யோசித்தால் நியாயம்தான்: பழைய முடியில் மருதாணிப் பங்கு ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி மருதாணி கொடுத்தால் சிவப்பு இரட்டிப்பாகத்தானே செய்யும். வேரில் முளைக்கிற புது நரைக்குத்தான் கலவை, பழைய நீளத்துக்கு அவுரி மட்டும். வருடக்கணக்காக மருதாணி வைக்கிறவர்கள் பிரவுனுக்கு மாறும்போது சறுக்குகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பொடி வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. பத்து ரூபாய்ச் சிறு பாக்கெட்டில் "கருப்பு மருதாணி" என்று வருகிறதே, பதினைந்து நிமிடத்தில் கருத்துவிடும், அது இலையின் வேலை இல்லை. பின்பக்கம் சின்ன எழுத்தில் பாரா ஃபினைலின் டையமின் என்று இருக்கும். அது சிலருக்குக் கடுமையாக ஒவ்வாமை கொடுக்கும். நான் வாங்கின இலைப் பொடிகளையும்கூட முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு பூசி, 48 மணி நேரம் பார்த்த பிறகுதான் தலைக்கு எடுத்தேன்.

அவுரி வீணாகப் போயிருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். நல்ல பொடி பச்சையாக இருக்கும், ஈரம் பட்டால் பட்டாணி வேகவைத்த வாசம் வரும். பழசு சாம்பல் பூத்திருக்கும். ஒரு சிட்டிகைப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து வெள்ளை டிஷ்யூவில் வைத்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சுற்றிலும் நீலம் கசிய வேண்டும். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வாங்கின ஒரு பாக்கெட் கசியவே இல்லை. திண்டிவனம் பக்கம் அவுரி இன்றும் பயிராகிறது, ஆகையால் இந்தப் பகுதியில் புதுப் பொடி கிடைப்பது கஷ்டமில்லை. நான் புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன், 100 கிராம் 90 ரூபாய். கடைக்காரரிடம் கேட்டு அங்கேயே டிஷ்யூவில் வைத்துப் பார்த்தேன். நின்று வேடிக்கை பார்த்த அவர், நீலம் கசிந்ததும் தானும் ஒரு டிஷ்யூவை எடுத்துப் பக்கத்து மூட்டையைச் சோதித்தார்.

மே மாதம், கத்திரி வெயில். இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஈர விழுதோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் எனக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும், வெயில் காலத்தில் அந்தப் பயம் இல்லை. முதல் நாளே ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் அலசிவிட்டேன். எங்கள் போர் தண்ணீரில் நுரையே வராது, ஷாம்பு முழுசாகப் போகாமல் பிசுபிசுக்கும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் அரை வாளி. விழுது குழைக்கவும் கேன் தண்ணீர்தான். (ஒரு கற்றையைப் போர் தண்ணீரில் குழைத்தும் பார்த்தேன், நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அலசுவதில்தான் வித்தியாசம்.)

காலை ஆறு மணிக்கு மருதாணி 30 கிராம், நெல்லிப் பொடி 8 கிராம், வெந்நீர் 130 மில்லி, பீங்கான் கிண்ணத்தில் மூடி வைத்தேன். குளிர் காலமென்றால் எட்டு மணி நேரம் விடுவேன். அந்த வெயிலில் பத்து மணிக்கே மேலே கருஞ்சிவப்பாக நிறம் கட்டிவிட்டது. பத்து மணிக்கு மேல்தான் அவுரியைத் தொட்டேன். பொடியை வேட்டித் துணியில் சலித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் இலை நரம்பு முடியில் சிக்கி அலசும்போது உயிரை எடுக்கும். மொத்தம் 60 கிராம், ஆனால் இரண்டு தவணை. 30 கிராமுக்குக் கால் டீஸ்பூன் உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் 90 மில்லி, தயிர் பதத்தில் குழைத்துப் பத்து நிமிடம். மேலே நீலத் திட்டு தெரிய ஆரம்பித்த உடனே மருதாணியில் பாதியோடு கலந்து நேராகத் தலைக்கு.

முன்னந்தலைதான் முதலில். நெற்றிப்பொட்டு, காதோரம், வகிடு. மகள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வேர் வேராகத் தடவ, நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வகிடு எடுத்து எடுத்துத்தான் வைத்தோம், அதைவிட அகலமாக எடுத்தால் நடுவில் வெள்ளை தப்பிவிடும். முதல் தவணை பதினெட்டு நிமிடத்தில் தீர்ந்தது. அப்புறம்தான் அடுத்த 30 கிராமைக் குழைத்தோம், அது பின்னந்தலைக்கு. போன் அணைத்து வைத்திருந்தேன், சிலிண்டர் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. ஷவர் கேப், மேலே பழைய துண்டு. காய்ந்தால் சாயம் ஏறாது, அதனால் நெற்றியோரம் இடுக்கில்லாமல் கேப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, பழைய ஆரஞ்சு நீளத்துக்கு மட்டும் தனியாக 60 கிராம் அவுரி குழைத்து ஐம்பது நிமிடம். எல்லாம் முடிந்து அலச நாலு வாளித் தண்ணீர் ஆனது. ஷாம்பு இல்லை, எண்ணெய் இல்லை.

அன்று சாயங்காலம் கண்ணாடியைப் பார்த்ததும் நெஞ்சு பதறியது. நெற்றிப்பொட்டில் பாசி படிந்ததுபோல் பச்சை. பாத்ரூமுக்குப் போய் ஷாம்பு பாட்டிலைக் கையில் எடுத்தேன். அத்தை வாசலில் நின்று, "காத்து படட்டும்மா, ரெண்டு நாள் தலையைத் தொடாதே" என்றார். தொடவில்லை. மறுநாள் பச்சை மங்கி அழுக்குப் பழுப்பானது, மூன்றாம் நாள் காலை பிரவுன். அதற்கு அப்புறம்தான் லேசாக ஷாம்பு போட்டேன். தண்ணீரில் நீலம் துளி கூட இல்லை.

செலவு: மருதாணி 15 ரூபாய், அவுரி 120 கிராம் 108 ரூபாய், நெல்லி 5, கையுறை 10. மொத்தம் 138 ரூபாய். நேரம்தான் பெரிய செலவு, ஒரு ஞாயிறு முழுசாகப் போய்விடும்.

இப்போது நாலு வாரம் ஆகிறது. வெயிலில் சிவப்பு இல்லை என்று மகள் சொன்னது இந்த நாலாவது வாரத்தில்தான். வலது காதோரம் ஒரே ஒரு இடத்தில் லேசாகச் செம்மை தெரிகிறது, கேப் விலகிக் காய்ந்துபோன இடம் அது. அடுத்த தடவை நெற்றியோரத்தில் விழுதின்மேல் ஈரப் பஞ்சு ஒட்டி, அப்புறம் கேப் போடப் போகிறேன். நடுவில் சிவப்பு எட்டிப் பார்த்தால் முழுக் கலவை வேண்டாம், 20 கிராம் அவுரி மட்டும் அந்த இடத்தில் நாற்பது நிமிடம் போதும். இதன்மேல் பார்லரில் போய் ப்ளீச் செய்யவே கூடாது, அவுரி ஏறின முடி பச்சையடித்துவிடும்.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. ஒன்றுக்கு இரண்டில் வந்த நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சாயல் வெளிறி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வருமா என்று பார்க்க ஆசை. ஒன்றுக்கு ஒன்றரை அவுரி, நெல்லியைக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்காக ஏற்றி. அத்தை நேற்றே தீப்பெட்டியை நிரப்பிக் கொடுத்துவிட்டார். எட்டு முடிச்சு போட்ட கற்றை ஜன்னல் கம்பியில் தொங்குகிறது, இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. நாளை மறுநாள் அட்டையில் ஒட்டலாம்.